எல்டன் ரிங்: கடினத்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும்



2022 பிப்ரவரி 25-ஆம் நாள் வெளியான 'எல்டன் ரிங்' என்னும் கணினி விளையாட்டைப் பற்றி அடுத்த மூன்று வாரங்களில் எம்மிடம் பலர் கேட்டுவிட்டனர். பெற்றோர் ஒருவிதமாகவும் பிள்ளைகள் வேறுவிதமாகவும் கேட்டனர். "ஹஜ்ரத், இதை ஆடலாமா கூடாதா, ஒரே சொல்லில் சொல்லுங்கள்" என்பது பெற்றோர் கேள்வி. "ஹஜ்ரத், நீங்கள் அதைப் பார்த்தீர்களா?" என்பது பிள்ளைகள் கேள்வி. இரண்டாவதற்கு விடை வைத்துக்கொள்ளாமல் முதலாவதற்கு விடை சொல்லப் புகுவது முறையன்று. ஆகவே, பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் எம் தங்கை மகனோடு அமர்ந்து, இஷாவுக்குப் பின்னும் ஞாயிற்றுக்கிழமைகளிலுமாக இருபது மணி நேரத்துக்கு மேல் பார்த்தோம். இடையிடையே கன்ட்ரோலரை வாங்கி நாமும் ஆடிப் பார்த்தோம். விளையாட்டின் முடிவை நாம் காணவில்லை. அவனும் இன்னும் காணவில்லை. இவை முதற்பார்வையின் கருத்துகள் என்றே கொள்ளுங்கள்.

இதை உருவாக்கியது ஜப்பானில் 1986-இல் தொடங்கப்பட்ட ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம். இயக்கியவர் ஹிதெடாகா மியாசாகி. 2009-இல் 'டீமன்ஸ் சோல்ஸ்', 2011-இல் 'டார்க் சோல்ஸ்', 2015-இல் 'பிளட்போர்ன்', 2019-இல் 'செகிரோ' என்று இவர் இயக்கிய விளையாட்டுகளுக்கெல்லாம் ஒரே புகழ்தான்: கடினம். இந்த விளையாட்டு 2019 ஜூனில் அறிவிக்கப்பட்டு, 2022 ஜனவரியில் வருவதாக இருந்து, ஒரு மாதம் தள்ளிப்போய் வந்தது. வந்தபின் நடந்தது யாரும் எதிர்பாராதது. கடினத்துக்குப் பெயர்போன ஒரு வகை, ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் உரியது என்று கருதப்பட்ட ஒன்று, மூன்று வாரங்களுக்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றதாக நிறுவனமே அறிவித்துவிட்டது. நம் ஊர்த் தெருவில் டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்திருக்கும் இளைஞர் வாயில் "மார்கிட்" என்ற பெயர் அடிபடுவதற்குக் காரணம் இதுதான்.

இத்தனை கடினமான ஒன்றை இத்தனை பேர் ஏன் விரும்புகிறார்கள்? பாடம் சொல்லிக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இந்தக் கேள்விதான் முதலில் எழுந்தது. அதற்கான விடை விளையாட்டின் முதல் அரைமணி நேரத்திலேயே கிடைக்கிறது.

தொடக்கத்தில் ஒரு சிறு கோயில். வெளியே வந்ததும் பல கைகள் கொண்ட ஒரு கோர உருவம். அது உங்களைக் கொன்றுவிடும். ஏறத்தாழ எல்லோரும் அங்கே சாகத்தான் வேண்டும், அதுவே கதையின் ஏற்பாடு. கண் விழிப்பது ஒரு குகையில். அக்குகையில் ஒரு பள்ளம் உண்டு. அதில் குதித்தால் வாள் வீசுவது, கேடயம் பிடிப்பது, உருண்டு விலகுவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுத்தரும் பயிற்சிப் பகுதி. குதிக்காதவருக்கு அது கிடையாது. பாடத்தைப் பள்ளத்தில் வைத்துவிட்டு, வேண்டுமானால் இறங்கு என்று சொல்லும் ஆசிரியரை நாம் இங்கேதான் முதன்முதலாகக் கண்டோம். மருமகன் குதிக்கவில்லை; நேரே நடந்துவிட்டான். அவனைப் போலவே நடந்தவர்கள் ஏராளம் என்று பின்னர் அறிந்தோம்.

குகை முடிந்து ஒரு பெரிய கதவு திறக்கிறது. எதிரே பச்சைப் புல்வெளி, இடிந்த கட்டடங்கள், வானளாவ நிற்கும் ஒரு பொன்னிற மரம். அந்நிலத்துக்கு லிம்கிரேவ் என்று பெயர். எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை. எதிரே தெரியும் பாழடைந்த தேவாலயத்துக்கு முன்னால், பொற்கவசம் அணிந்த ஒரு குதிரைவீரன் நிதானமாக உலாவிக்கொண்டிருக்கிறான். 'ட்ரீ சென்டினல்' என்பது அவன் பெயர். புதிதாக வந்த எவரும் அவனை நோக்கி வாளை ஓங்குவர். எதிரி என்றால் அடிக்கவேண்டும் என்பதுதானே மற்ற விளையாட்டுகள் பழக்கிய பழக்கம்? ஓர் அடியோ ஈரடியோ, அவ்வளவுதான். எழுந்து வந்து மறுபடி ஓங்குவர். மறுபடி ஓர் அடி.

மருமகன் இப்படி ஒன்பது முறை விழுந்தான். பத்தாம் முறை சற்று நேரம் நின்று பார்த்தான். பிறகு அந்த வீரன் திரும்பி மறுபக்கம் போகும்வரை மரங்களின் ஊடே பதுங்கிச் சென்று தேவாலயத்தை அடைந்தான். அவனுக்கு யாரும் "இப்போது உன்னால் முடியாது, பிறகு வா" என்று சொல்லவில்லை. ஆயினும் அவன் அதைத்தான் கற்றுக்கொண்டான். அந்தக் குதிரைவீரனை அங்கே நிறுத்தி வைத்ததன் நோக்கம் அதுவே என்பது எம் கணிப்பு.

இந்நிறுவனத்தின் முந்தைய விளையாட்டுகளில் நிலைமை இவ்வளவு தாராளமாக இல்லை. பெரும்பாலும் பாதை குறுகியது. முன்னால் ஒரு பகைவன் சுவர்போல் நின்றால், அந்தச் சுவரில் தலையை மோதிக்கொண்டே இருக்க வேண்டும். 'செகிரோ'வை ஆடிப் பாதியில் விட்டவர்கள் பலர் இதனால்தான் விட்டார்கள். எல்டன் ரிங்கில் சுவர் அதே சுவர்தான், உயரம் குறையவில்லை. ஆனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் நிலம் விரிந்து கிடக்கிறது.

மார்கிட் என்ற பகைவன் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஸ்டார்ம்வெயில் என்னும் கோட்டைக்குச் செல்லும் பாலத்தை மறித்துக்கொண்டு நிற்கும் கிழட்டுப் பூதம் அவன். அவனிடம் ஒரு தந்திரம் உண்டு. கைத்தடியை ஓங்குவான், ஓங்கியவன் உடனே அடிக்க மாட்டான், ஒரு கணம் அப்படியே நிறுத்தி வைப்பான். ஆடுபவர் பதறி முன்னதாகவே உருண்டு விலகி, எழும் தருணத்தில் சரியாக அடி வந்து விழும். பதற்றத்துக்குக் கிடைக்கும் தண்டனை அது. மருமகன் முதல் இரண்டு இரவுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட முறை அவனிடம் விழுந்தான். மூன்றாம் நாள் "மாமா, இவனை விட்டுட்டு தெற்கே போறேன்" என்றான்.

தெற்கே ஒரு பாலம் கடந்தால் வீப்பிங் பெனின்சுலா. மழை ஓயாத ஒரு தீபகற்பம், ஒப்பளவில் மென்மையான நிலம். அங்கே சுரங்கங்கள், கல்லறைக் குகைகள், மார்ன் என்னும் சிறு கோட்டை. ஏறத்தாழ ஒரு வாரம் அங்கே திரிந்தான். திரும்பி வந்து இரண்டாம் முயற்சியிலேயே மார்கிட்டை வீழ்த்தினான். அவனுடைய பாத்திரத்தின் பலம் எண்ணளவில் கூடியிருந்தது உண்மை. ஆனால் அருகிலிருந்து பார்த்த எமக்கு அதைவிட வியப்பாக இருந்தது வேறொன்று: ஓங்கிய தடியைக் கண்டு அவன் கை பதறவில்லை.

ஹிஃப்ழ் வகுப்பு நடத்தும் உஸ்தாதுகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு பக்கம் ஓதவரவில்லை என்று பிள்ளை திணறும்போது, அதே பக்கத்தை நூறு முறை ஓதவைப்பவர் ஒரு வகை. "அதை மூடி வை, பழைய பாடத்தை ஓது" என்று ஒரு வாரம் பின்னுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அதே பக்கத்தைத் திறக்கச் செய்பவர் மற்றொரு வகை. இரண்டாமவரிடம் ஓதிய பிள்ளை அந்தப் பக்கத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. இந்த விளையாட்டை வடிவமைத்தவர்கள் அந்த இரண்டாம் வகை என்றே எமக்குப்பட்டது. அந்தக் கோட்டைக்குள் நுழையாமலேயே பாறை விளிம்பு வழியாகச் சுற்றிக்கொண்டு அடுத்த நாடாகிய லியூர்னியாவுக்குப் போய்விடவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தோல்விக்கு அஞ்சி ஓடுபவனையும் வெட்கப்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு முறை இவர்களுடைய விளையாட்டு வரும்போதும் "எளிய நிலை ஒன்று வேண்டாமா?" என்ற விவாதம் எழும். இம்முறையும் எழுந்தது. எளிய நிலை என்று தனியே ஒரு பொத்தான் தேவையில்லை; விரிந்த அந்நிலமே எளிய நிலை என்பது எம் கருத்து. தனியே வெல்ல முடியாதவர் ஒரு மணியை அசைத்து மூன்று ஓநாய்களின் ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம். வேறு ஊரில், வேறு நாட்டில் அமர்ந்து ஆடும் ஒருவரை இணையம் வழியே உதவிக்கு அழைக்கலாம். தூர நின்று மந்திரக் கோலால் தாக்கலாம். இவற்றைப் பயன்படுத்துபவனைக் கோழை என்று இகழும் இளைஞர் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் பேச்சைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. விளையாட்டு தாராளமாகத் தந்ததைத் தடுக்க இவர்கள் யார்? ஆனால் கைநடுக்கம் உள்ளவர்க்கும் பார்வை குறைந்தவர்க்கும் உதவக்கூடிய அமைப்புகள் இதில் மிகக் குறைவு. அது குறையே. அதைக் 'கடினம்' என்ற பெயரில் நியாயப்படுத்த முடியாது.

இனி அந்நிலத்தைப் பற்றி. திறந்தவெளி விளையாட்டுகள் என்றால் வரைபடம் முழுதும் குறிகளை இறைத்து, இங்கே போ, இதை எடு, அதை முடி என்று வேலைப் பட்டியல் நீட்டுவது கடந்த பத்தாண்டுகளில் வழக்கமாகிவிட்டது. இதில் வரைபடமே முதலில் கையில் இல்லை. சாலையோரத்தில் நிற்கும் கல்தூண்களைத் தேடிச் சென்று துண்டு துண்டாக எடுக்க வேண்டும். 'கிரேஸ்' எனப்படும் ஓய்விடங்களில் ஒரு மெல்லிய பொற்கதிர் எழுந்து ஏதோ ஒரு திசையைக் காட்டும். அதைப் பின்பற்றலாம், விடலாம். 'டாரண்ட்' என்ற கொம்புள்ள குதிரை ஒன்று சில ஓய்விடங்களுக்குப் பின் கிடைக்கிறது. அது வந்தபின் தொலைவு என்பதே வேறு பொருள் கொள்கிறது.

இரண்டு நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் எரிந்து கிடக்கும் ஒரு பாழூர். அதன் நிலவறையில் ஒரு பெட்டி. எந்த விளையாட்டிலும் பெட்டி என்றால் பரிசு. மருமகன் ஆவலாகத் திறந்தான், புகை கிளம்பியது, கண் விழித்த இடம் அவன் அறியாத ஒரு படிகச் சுரங்கம். வெளியே போகும்வரை வேறிடத்துக்குத் தாவும் வசதியும் அங்கே வேலை செய்யாது. எப்படியோ உயிர் தப்பி வெளியே வந்து பார்த்தால் வானமே செந்நிறமாக, நிலமே அழுகியதுபோல் கிடந்தது. கேலிட் என்பது அந்நாட்டின் பெயர். அங்கே வாழத் தேவையான பலத்தில் கால்பங்குகூட அவனிடம் இல்லை. அவன் சிரித்த சிரிப்பில் உம்மா எழுந்து வந்துவிட்டாள்.

மற்றொன்று, காட்டுக்குள் ஒரு மின்தூக்கி போன்ற கல்மேடை. ஏறி நின்றால் கீழே இறங்கத் தொடங்குகிறது. இறங்குகிறது, இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது. பாதாளத்தை எதிர்பார்த்துப் போனவன் கண்முன் ஓர் ஆறும், தலைக்குமேல் விண்மீன்கள் நிறைந்த வானமும் விரிந்தன. மண்ணுக்கு அடியில் வானம்! சிஓஃப்ரா என்பது அந்த ஆற்றின் பெயர். இந்த விளையாட்டைப் பற்றி எமக்குள்ள மரியாதையில் பெரும்பகுதி அந்த ஒரு நிமிட இறக்கத்தால் வந்தது. வரைபடத்தில் ஒரு குறி வைத்திருந்தால் அந்த நிமிடம் பாழாகியிருக்கும்.

கதையைப் பற்றிக் கவலையோடு கேட்ட பெற்றோருக்காகச் சில சொற்கள். இவ்வுலகின் பழங்கதையை எழுதித் தந்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். எல்டன் ரிங் என்பது உலகின் ஒழுங்கைத் தாங்கிய ஒன்று; அது உடைந்துவிட்டது; அரசி மாரிகாவின் வழித்தோன்றல்களான 'அரைத் தெய்வங்கள்' அதன் துண்டுகளைப் பங்கிட்டுக்கொண்டு போரிட்டு, ஒருவரும் வெல்லாமல் உலகே சீரழிந்து கிடக்கிறது. ஆடுபவர் 'டார்னிஷ்ட்' எனப்படும் ஒளியிழந்த கூட்டத்தில் ஒருவர். தெய்வங்கள் என்ற சொல்லைக் கேட்டதுமே திடுக்கிடுவோர் உண்டு. அந்த அச்சம் எமக்குப் புரிகிறது. ஆனால் கதை கதையென்று அறிந்த வயதுப் பிள்ளையின் ஈமானை இது அசைத்துவிடும் என்று நாம் கருதவில்லை. ஜின்களும் பூதங்களும் மாயக் கோட்டைகளும் நிறைந்த கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் இரவு முழுதும் ஓதக் கேட்டு வளர்ந்தது நம் முன்னோர் கூட்டம். இக்கதையில் அந்தத் தெய்வங்கள் யாரும் போற்றப்படவுமில்லை. அவர்களுடைய பேராசையின் விளைவைத்தான் ஆடுபவர் ஊர் ஊராகக் காண்கிறார்.

இதற்கிடையில் எமக்குச் சிரிப்பூட்டியது ஒன்று உண்டு. பாத்திரத்தின் எட்டுக் குணங்களில் வலிமை, அறிவு என்பவற்றோடு 'ஃபெய்த்', அதாவது நம்பிக்கை என்பதும் ஒன்று. அதை 99 வரை உயர்த்தலாம். பகைவரைக் கொன்று சேர்த்த 'ரூன்' என்னும் செல்வத்தைக் கொடுத்து விலைக்கு வாங்கவேண்டும். எண்ணிட்டு அளக்கத் தெரிந்திருந்தால் மத்ரஸாக்களில் எங்கள் வேலை எவ்வளவு சுலபமாயிருக்கும்!

சிறுவயதில் மியாசாகி ஆங்கிலக் கதைநூல்களைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்தவர்; புரியாத இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டவர். அவருடைய கதைசொல்லும் முறையும் அப்படியே. ஒரு வாளின் குறிப்பில் ஒரு வரி, ஒரு கிழவியின் புலம்பலில் ஒரு வரி என்று சிதறிக் கிடக்கும். சேர்ப்பது நம் பொறுப்பு. இதை நாம் ரசித்தோம். ஆனால் துணைக்கதைகளில் இம்முறை எல்லை மீறிவிட்டது. ஒருவர் "நான் வடக்கே போகிறேன்" என்று சொல்லி மறைந்தால், அவரை எங்கே காண்பது என்று குறித்துவைக்கும் ஏடு ஒன்றுகூட விளையாட்டில் இல்லை. மருமகன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தானே எழுதிவைத்தான். கல்லூரிப் பாடத்துக்கு அவன் இவ்வளவு அழகாகக் குறிப்பெடுத்து நாம் பார்த்ததில்லை. 2022 மார்ச் 17-இல் வந்த திருத்தத்தில், சந்தித்த மனிதர்களின் இடத்தை வரைபடத்தில் காட்டும் குறியைச் சேர்த்துள்ளனர். முதல் நாளே சேர்த்திருக்க வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. கல்லறைக் குகைகள் பல ஒன்றுபோலவே இருக்கின்றன. முன்பு வென்ற பகைவனே வேறிடத்தில் மறுபடி வந்து நிற்கிறான். கணினியில் ஆடுவோருக்கு, 2022-இல் வெளியான நாள் முதல் காட்சி திடீர் திடீரென்று தடுமாறி நிற்கும் தொல்லை இருந்தது. ஒரு நொடி தவறினால் உயிர்போகும் விளையாட்டில் இது சிறு குறையன்று. ஸ்டீம் தளத்தில் முதல் நாட்களில் வாங்கியவர்களின் மதிப்பீடு இரண்டும்கெட்டதாக இருந்ததற்குக் காரணம் இதுவே. விமர்சகர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று வாரி வழங்கிய அதே நாட்களில்தான் இது நடந்தது. வாங்கித்தர எண்ணும் வாப்பாமார் அறியவேண்டியது: கணினியில் குறைந்தது 12 ஜிபி நினைவகமும் 60 ஜிபி இடமும் தனி கிராஃபிக்ஸ் அட்டையும் வேண்டும். கல்லூரிப் பாடத்துக்கென்று வாங்கிய சாதாரண மடிக்கணினி இதற்குத் தாங்காது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் பழைய தலைமுறை, புதிய தலைமுறை ஆகிய இரு கருவிகளுக்கும் இது கிடைக்கிறது.

வயதைப் பற்றி எமக்கு இரு கருத்து இல்லை. ஐரோப்பாவில் 16-க்கு மேல், அமெரிக்காவில் 17-க்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பிறருடைய கைகால்களை வெட்டித் தன் உடலில் ஒட்டிக்கொண்ட காட்ரிக் என்றொருவன் ஸ்டார்ம்வெயில் கோட்டையில் காத்திருக்கிறான். பத்து வயதுப் பிள்ளை பார்க்கவேண்டிய காட்சியன்று அது. காக்கா ஆடுகிறான் என்று பக்கத்தில் அமரும் தம்பிகளையும் இங்கே சேர்த்தே சொல்கிறோம். இசை பற்றிய கருத்துவேறுபாட்டை இங்கே கிளப்ப விரும்பவில்லை; இசையின் அளவை மட்டும் தனியே பூஜ்யமாக்கும் வசதி விளையாட்டின் ஒலி அமைப்பில் இருக்கிறது. வேண்டுவோர் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெற்றோர் பெரும்பாலும் இரத்தத்தையும் பூதத்தையும் பார்த்து அஞ்சுகின்றனர். நாம் அஞ்சுவது கடிகாரத்தைப் பார்த்து.

எல்டன் ரிங்கை இடையில் நிறுத்திவைக்க முடியாது. பொத்தானை அழுத்தினால் பட்டியல் திறக்கும். ஆனால் உலகம் நிற்காது. பின்னால் வரும் பகைவன் வந்துகொண்டேயிருப்பான். தனியாக, இணையம் இல்லாமல் ஆடினாலும் இதே நிலைதான். எங்கள் தங்கை வீட்டில் முதல் வாரம் நடந்த சண்டைக்கெல்லாம் வேர் இதுவே. அஸருக்குப் பாங்கு சொல்கிறது, உம்மா அழைக்கிறாள், "உம்மா, இதை நிறுத்த முடியாது, ஒரு நிமிஷம்" என்கிறான். அவள் அதைச் சாக்கு என்று நினைக்கிறாள். "காக்கா, இவன் பொய் சொல்றான், நீங்களே கேளுங்க" என்று எம்மிடம் முறையிட்டாள். அவன் சொன்னது பொய்யன்று. ஆனால் பாதி மெய்.

மறுபாதியை உம்மாமார் அறிந்துகொள்ளட்டும். விளையாட்டு தன்னைத்தானே தொடர்ந்து சேமித்துக்கொள்கிறது. பட்டியலுக்குச் சென்று வெளியேறினால் சில நொடிகளில் முகப்புக்கு வந்துவிடலாம்; தொழுதுவிட்டு வந்து திறந்தால் விட்ட இடத்திலேயே, சேர்த்த செல்வம் குறையாமல் நிற்கலாம். பெரும்பகைவனோடு சண்டையிடும்போது வெளியேறினால் அந்தச் சண்டை மட்டும் வாசலிலிருந்து மறுபடி தொடங்கும். இழப்பு அவ்வளவுதான். இதுபோக, பட்டியலில் உதவியைத் திறந்து அதில் 'மெனு எக்ஸ்ப்ளனேஷன்' என்ற விளக்கப் பெட்டியை வரவழைத்தால் மொத்த உலகமும் அசையாமல் நிற்கிறது என்பதையும் ஆடுபவர்கள் கண்டுபிடித்துவிட்டனர். உருவாக்கியவர்கள் நினைத்து வைத்ததா, தற்செயலா என்பது வேறு. ஆக, "முடியாது" என்ற சொல்லை இனி எந்தப் பிள்ளையும் பாங்குக்கு எதிராகச் சொல்ல இடமில்லை. "மனமில்லை" என்று சொல்லட்டும், பேசிக்கொள்வோம்.

அடுத்தது வாப்பாமார் இடும் கட்டளை: "அரைமணி நேரம் ஆடு, பிறகு எழு." கால்பந்து விளையாட்டுக்கு இது பொருந்தும், ஓர் ஆட்டம் முடிந்தால் முடிந்தது. இதில் நிலைகள் இல்லை, ஆட்ட இறுதி ஊதல் இல்லை. அரைமணி முடியும்போது பிள்ளை பெரும்பாலும் ஒரு சுரங்கத்தின் நடுவில், பல ஆயிரம் ரூன்களைச் சுமந்துகொண்டு நிற்பான். செத்தால் அவை விழுந்த இடத்திலேயே கிடக்கும். எடுக்கப்போகும் வழியில் மறுபடி செத்தால் அடியோடு போய்விடும். அந்த நேரத்தில் எழு என்றால் அவன் முகம் சுளிப்பான். அதைவிட "அடுத்த கிரேஸ் வந்ததும் எழு" என்று அவனுடைய மொழியில் சொல்லிப் பாருங்கள். ஓய்விடங்கள் பெரும்பாலும் நெருங்கியே இருக்கின்றன. கணக்கு அவனுக்கும் புரியும். ஏமாற்றினால் உங்களுக்கும் தெரியும்.

ஆனால் சுரங்கத்தைவிடப் பெரிய ஆபத்து அந்த அழகான புல்வெளிதான். நாம் மேலே புகழ்ந்த அதே குணம் வீட்டில் வேறு முகம் காட்டுகிறது. தோற்றால் திரும்பிப் போ, வேறு வழி பார், பலம் சேர்த்து வா என்று கற்பிக்கும் விளையாட்டு, அந்த ஒவ்வொன்றுக்கும் உரிய விலையை மணிக்கணக்கில் வாங்கிக்கொள்கிறது. மார்கிட்டிடம் முப்பது முறை தோற்ற இரண்டு இரவுகளில் மருமகன் பன்னிரண்டு மணிக்கு முன் படுத்துவிட்டான். சலிப்பு அவனைப் படுக்க வைத்தது. தெற்கே திரிந்த அந்த இனிமையான வாரத்தில்தான் அவன் இரவு இரண்டு மணி, மூன்று மணி என்று விழித்திருந்தான். அந்த மேட்டுக்கு அப்பால் என்ன, அந்த ஒளி எதன் ஒளி, இன்னும் ஒரே ஒரு குகை. தோல்வி எழுப்பிவிடுகிறது, வியப்பு எழவிடுவதில்லை. அந்த வாரத்தில் நான்கு நாட்கள் அவனுக்கு சுபுஹு தவறியது. எம் காலை மத்ரஸாவிலும் பெரிய வகுப்பு மாணவர் மூவர் அந்த மூன்று வாரங்களும் கண்கள் சிவக்க வந்து, ஓதும்போதே தலை சாய்ந்தார்கள். கேட்டால் மூவரும் ஒரே நாட்டின் பெயரைச் சொன்னார்கள்.

பெற்றோரின் "ஆடலாமா" என்ற கேள்விக்கு எம் விடை இது. பதினாறு வயது நிரம்பாதவருக்கு வேண்டாம். நிரம்பியவருக்கு, இஷாவுக்குப் பின் இன்ன மணிக்குக் கருவி அணையும் என்று முதல் நாளே பேசி ஒப்புக்கொண்டால், ஆடட்டும். கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளி மறந்துபோகும் துணுக்குகளைப் பார்ப்பதைவிட இது பல மடங்கு மேல் என்றே சொல்வோம். இதில் மனம் விழித்திருக்கிறது, கை கற்கிறது, தோல்வியைத் தாங்குகிறது. பேசி ஒப்புக்கொள்ள முடியாத வீட்டில் வாங்காதிருப்பதே நலம். ஏனெனில் இடையில் பிடுங்குவது இந்த விளையாட்டில் மிகவும் கசப்பான செயலாகிவிடுகிறது.

இதை எழுதியபோது 2022-ஆம் ஆண்டு ரமளான் பிறைக்கு இரு வாரங்களே இருந்தன. சாதாரணமாக ஆடுபவருக்கு ஐம்பது மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும் விளையாட்டு இது. சுற்றிப் பார்க்கும் ஆசை உள்ளவருக்கு அதைப்போல் இருமடங்கு. அப்போது தொடங்குபவர் பிறைக்குள் முடிப்பது இயலாததாக இருந்தது, தராவீஹுக்கும் ஸஹருக்கும் இடையில் வைத்துக்கொள்வதோ கூடவே கூடாது. அதுவரை வாங்காதவர்களைப் பெருநாள் கழித்து வாங்கச் சொன்னோம். மருமகன் லியூர்னியாவின் ஏரிக்கரையில், ராயா லுகாரியா கலாசாலையின் வாசலுக்கு முன்னால் தன் குதிரையை நிறுத்திவிட்டு வெளியேறியிருக்கிறான். அது அங்கேயே இருக்கும். கணினியில் காட்சி தடுமாறும் தொல்லைக்கும் அதற்குள் இன்னொரு திருத்தம் வந்துவிடக்கூடும் என்று அப்போது எண்ணினோம்.